சென்னை–மதுரை: வானில் 416 கிலோமீட்டர், வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், ஒரு தளம் 416 கி.மீ. என்று சொல்லும், இன்னொன்று 420 என்று சொல்லும். இரண்டும் சரிதான். முதலாவது மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து மதுரை ஓடுபாதைக்கு இழுத்த நேர்க்கோடு. இரண்டாவது ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு இழுத்தது. கூடவே ‘பயண நேரம் சுமார் ஒரு மணி’ என்றும் போட்டிருக்கும். யாரும் கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதியதல்ல அது. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வைத்துக்கொண்டு தூரத்தை வகுத்து, மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி சேர்த்தால் அந்த எண் வந்துவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தை ரயிலின் ஆறு, ஏழு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பலர் டிக்கெட் எடுக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே எதில் போவது என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து போய்ச் சேரும் வாசலில் செருப்பைக் கழற்றும் வரை எவ்வளவு நேரம்? அந்த நேரத்தில் நமக்கு உபயோகப்பட்டிருக்கக்கூடிய, விழித்திருக்கும் நேரம் எவ்வளவு? இப்படிக் கணக்குப் போட்டால் விமானம், ரயில், பஸ், கார் எல்லாவற்றின் இடமும் மாறிவிடுகிறது.

முதலில் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இந்தத் தடத்தில் ஏடிஆர் ரக விமானங்கள் நிறைய ஓடுகின்றன. இறக்கையில் விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியுமே, அந்தச் சின்ன விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. வாக்கில்தான். ஏர்பஸ் போன்ற ஜெட் என்றால் 800-க்கு மேல் போகும். ஆனால் 416 கி.மீ. தூரத்தில் அந்த வேக வித்தியாசம் பெரிதாக எடுபடுவதில்லை. ஜெட் முழு உயரத்துக்கு ஏறி முழு வேகம் பிடித்துச் சற்று நேரத்திலேயே இறங்க ஆரம்பித்தாக வேண்டும். இதோடு, கதவு மூடியபின் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மதுரையில் இறங்கி நிற்கும் இடத்துக்கு வருவது எல்லாம் இருக்கின்றன. அதனால் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டியே இருக்கும், ஏடிஆர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஜெட்டில் உண்மையில் வானத்தில் இருப்பது ஒரு மணிக்கும் குறைவு.

சரி, இப்போது வாசலிலிருந்து ஆரம்பிப்போம். சென்னை அண்ணாநகரில் வீடு, மதுரை சிம்மக்கல்லில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் ஆலந்தூரில் மாறிப் போனாலும் காரில் போனாலும் ஐம்பது நிமிடம். பெட்டி போடுகிற கவுண்டரை உள்நாட்டு விமானங்களுக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம். ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே நின்றாக வேண்டும். பறப்பதற்கு ஒரு மணி இருபது நிமிடம். மதுரையில் பெட்டி வர இருபது நிமிடம். ஊருக்குள் போக நாற்பது நிமிடம், ஏனென்றால் மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் தள்ளி இருக்கிறது. கூட்டினால் 4 மணி 40 நிமிடம்.

அதே வீட்டிலிருந்து வந்தே பாரத்தில் போனால் எழும்பூருக்கு அரை மணி, அங்கே காத்திருக்க இருபத்தைந்து நிமிடம், ரயிலில் சுமார் 5 மணி 40 நிமிடம், மதுரை ஜங்ஷனிலிருந்து சிம்மக்கல்லுக்கு இருபது நிமிடம். மொத்தம் 6 மணி 55 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கும் ஆறு மணி நேரத்துக்கும் நடுவே பார்த்த ஐந்து மணி நேர வித்தியாசம் இரண்டேகால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டேகால் மணிக்கு நீங்கள் கூடுதலாகத் தருவது எவ்வளவு என்று பாருங்கள். வந்தே பாரத் சேர் கார் ஆயிரத்துச் சில்லறையில் இருக்கும். விமானம் முன்கூட்டி எடுத்தாலே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, பண்டிகை நேரத்தில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கு சென்னையில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நிறையவே மாறும். குரோம்பேட்டை, பல்லாவரம், நங்கநல்லூர்க்காரர்களுக்கு விமான நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. அவர்களுக்கு அதே பயணம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடக்கே போகப் போக விமானத்தின் ஆதாயம் கரைகிறது. மறுபக்கம், தாம்பரத்தில் இருப்பவர் ரயிலுக்காக எழும்பூர் வரை போகத் தேவையில்லை. பாண்டியன், வைகை, தேஜஸ், வந்தே பாரத் எல்லாமே தாம்பரத்தில் நிற்கின்றன. அங்கேயே ஏறினால் அரை மணி நேரம் மிச்சம், எழும்பூருக்குப் போகிற அலைச்சலும் மிச்சம்.

மதுரைப் பக்கமும் இப்படித்தான். ‘மதுரைக்குப் போகிறேன்’ என்பவர்களில் பலர் மதுரைக்குள்ளேயே போவதில்லை. அருப்புக்கோட்டைச் சாலை விமான நிலையத்தை ஒட்டியே போகிறது. அருப்புக்கோட்டை, திருமங்கலம், விருதுநகர்ப் பக்கம் போகிறவர்களுக்கு விமான நிலையம் தெற்கே இருப்பது நல்ல வசதி, ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். மேலூருக்கும் ஒத்தக்கடைக்கும் போகிறவருக்கு அதே நிலையம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அவருக்குத் திருச்சி வழியாக வரும் பஸ்தான் வாசலில் இறக்கிவிடும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குப் போகிறவருக்கோ ரயிலை மிஞ்ச எதுவும் இல்லை. ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் மேலவெளி வீதி, கோயில் நடக்கிற தூரம், பெரியார் பஸ் நிலையம் இன்னும் பக்கம்.

தூங்கிக்கொண்டே போகிற 493 கிலோமீட்டர்

ரயில் பாதை 493 கி.மீ. வானத்துக் கோட்டைவிட 75 கி.மீ.க்கு மேல் கூடுதல். விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி வரும் பாதை, அங்கிருந்து மதுரைக்கு நேராக இறங்காமல் மேற்கே மணப்பாறை, திண்டுக்கல் என்று வளைந்துதான் வருகிறது. தேசிய நெடுஞ்சாலை அந்த வளைவை எடுப்பதில்லை. திருச்சியிலிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று குறுக்கே வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதனால்தான் சாலைத் தூரம் 460 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் நிற்கிறது.

தூரம் அதிகமாக இருந்தும், பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது ராத்திரி ரயிலைத்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து இரவு ஒன்பதரைக்கு மேல் கிளம்பி, விடிவதற்குள் மதுரையில் இறக்கிவிடும். வாசல் கணக்கில் நான் சொல்லும் ரயில்களில் இதுதான் ரொம்ப மெதுவானது, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அதில் விழித்திருக்கும் நேரம் என்று பார்த்தால் வீட்டிலிருந்து ரயிலுக்குப் போவதும், ரயிலிலிருந்து வீட்டுக்குப் போவதும் மட்டுமே. ஒரு வேலை நாளில் இதனால் நாம் இழப்பது எதுவுமே இல்லை. காலை ஏழு மணி விமானத்துக்கு நாலு மணிக்கு எழுந்து, அரைத் தூக்கத்தில் கார் பிடித்து, ஒன்பதரைக்கு மதுரை ஊருக்குள் வந்து நிற்பவரைவிட, ஐந்தரை மணிக்கு ஜங்ஷனில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருபவர்தான் அன்றைக்குத் தெளிவாக இருப்பார். 2004 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒத்தக்கடையில் தொடங்கியதிலிருந்து, காலையில் அங்கே வழக்குக்காகப் போய் நிற்க வேண்டிய சென்னை வக்கீல்களுக்கு இந்த ராத்திரி ரயிலின் அருமை நன்றாகத் தெரியும்.

பாண்டியனில் இடம் கிடைக்கவில்லை என்றதும் விமான டிக்கெட்டைப் பார்க்கப் போய்விடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டிய ரயில்கள் வரிசையாக இருக்கின்றன. கன்னியாகுமரி, அனந்தபுரி, முத்துநகர், பொதிகை, நெல்லை என்று சாயங்காலத்திலிருந்து இரவு வரை எழும்பூரிலிருந்து தெற்கே போகும் இந்த எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் மதுரை வழிதான். சிலம்பும் ராமேஸ்வரம் ரயில்களும் மட்டும் வேறு வழியில் போகும், அவற்றை எடுத்துவிடாதீர்கள். இந்தக் கடந்துபோகும் ரயில்களில் ஒரே சங்கடம், மதுரை கடைசி நிலையம் அல்ல. நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் வரும், ஐந்து பத்து நிமிடம் நின்று கிளம்பிவிடும், அசந்து தூங்கினால் விருதுநகரில்தான் கண் விழிக்க நேரும். திண்டுக்கல்லுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்து அந்த நேரத்துக்கு அலாரம் வையுங்கள், மதுரைக்கு அல்ல. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொடைரோடு தாண்டியதும் பெர்த்திலிருந்து இறங்கி முகம் கழுவி, சோழவந்தான் தாண்டியதும் பையை வாசல் பக்கம் நகர்த்த ஆரம்பித்தால் அவசரமே இருக்காது.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு பாண்டியனுக்கு வேண்டுமென்றால் அந்த அறுபதாவது நாளை மறக்கக் கூடாது. தட்கல் முந்தின நாள் காலை, ஏசி வகுப்புக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. ஆன்லைனில் எடுக்க இப்போது ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதைத் தட்கல் திறக்கும் நேரத்தில் செய்ய உட்காராமல், முன்னதாகவே முடித்து வைத்துவிடுங்கள். ஸ்லீப்பர் முந்நூறு ரூபாய்ச் சில்லறை. இதே தூரத்தை இவ்வளவு குறைந்த காசில், படுத்துக்கொண்டு கடக்க வேறு வழி கிடையாது.

பகலில் போக வேண்டுமென்றால்

1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர்கேஜ் பாதை. அன்றைக்கு மதுரைக்காரர்களுக்குச் சென்னை பகலிலேயே எட்டும் ஊராக மாறியது அதனால்தான். இன்றைக்கும் அது ஏழரை மணி நேரம் வாக்கில் எடுத்துக்கொள்கிறது, இரண்டாம் வகுப்பு இருக்கையில் பகல் ரயில்களிலேயே குறைந்த கட்டணத்தில் கூட்டிப்போகிறது. பணம்தான் முதல் யோசனை என்றால், அல்லது வழியில் அரியலூர், மணப்பாறை போன்ற ஊர்களில் இறங்க வேண்டுமென்றால், வைகையை விட்டு வேறெங்கும் பார்க்க வேண்டாம்.

2019 மார்ச் 1-ல் வந்த தேஜஸ் அந்த நேரத்தை ஆறேகால், ஆறரை மணி என்று குறைத்தது. வழியில் விரல் விட்டு எண்ணும் நிறுத்தங்கள்தான். 2023 செப்டம்பர் 24-ல் சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத்தும், 2024 ஆகஸ்ட் 31-ல் சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத்தும் வந்தபின் மதுரை இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. 5 மணி 40 நிமிடத்தில் 493 கி.மீ. என்றால் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 87 கி.மீ. சராசரி. இந்தத் தடத்தில் வேறு எந்த ரயிலும் இதைத் தொடுவதில்லை.

நாகர்கோவில் வண்டி எழும்பூரிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது, பத்தரை மணிக்கு மேல் மதுரை. அதிகாலை ஐந்து மணிக்கு எழும்பூரில் நிற்க மெட்ரோ உதவாது, மெட்ரோவே ஐந்து மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கிறது. ஆட்டோவோ காரோ முந்தின இரவே சொல்லிவைக்க வேண்டும், அந்தச் செலவையும் டிக்கெட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வண்டி மதியம் மூன்று மணி வாக்கில் கிளம்பி எட்டரைக்குள் மதுரையில் விடுகிறது. அரை நாள் ஆபீஸ் பார்த்துவிட்டுக் கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். என் கணக்கில் பகல் பயணங்களில் இதுதான் முதலிடம். இரண்டு வண்டிகளுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அது ஒரே நாளாக இருப்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போது கிழமையைப் பார்த்துக்கொள்ளவும்.

ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஐந்தரை மணி நேரம் முழுவதும் உங்களுடையது. விமானப் பயணத்தின் நாலரை மணி நேரம் துண்டு துண்டானது. வரிசை, பெல்ட் கழற்றுவது, லேப்டாப்பை வெளியே எடுப்பது, மறுபடி வரிசை, பஸ், படி, இருக்கை. எதிலும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கவோ படிக்கவோ முடியாது. கடிகாரத்தில் விமானம் ஜெயித்தாலும், ரயிலில் அந்த நேரத்தில் ஒரு வேலையை முடித்திருக்கலாம்.

அன்றே போய் அன்றே திரும்ப வேண்டுமென்றால் விமானம்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலை விமானத்தில் போய், மாலை விமானத்தில் திரும்பினால் மதுரையில் முழு வேலை நாளே கிடைக்கும். ரயிலிலும் முடியும்: காலை ஐந்து மணி வந்தே பாரத்தில் போய், அதே வண்டி நாகர்கோவிலிலிருந்து மாலையில் திரும்பி வரும்போது மதுரையில் ஏறி, இரவு பதினொரு மணி வாக்கில் எழும்பூர் வரலாம். ஆனால் பதினெட்டு மணி நேரத்தில் பதினொன்றேகால் மணி நேரம் ரயிலில் உட்கார்ந்திருப்பதை யாருக்கும் நான் சொல்லமாட்டேன். அடுத்து, வெளிநாட்டிலிருந்து சென்னையில் வந்து இறங்கி நேரே மதுரைக்குப் போகிறவர்களுக்கும் விமானம் சரி. ஏற்கெனவே விமான நிலையத்துக்குள் இருக்கிறார்கள், ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் பெட்டி கணக்கும் அந்த டிக்கெட்டின்படி வரும். தனித்தனியாக எடுத்திருந்தால் உள்நாட்டு விமானத்தில் வழக்கமான 15 கிலோ வரம்பு குறுக்கே வந்துவிடும். இரண்டு பெரிய பெட்டிகளோடு வருகிறவர்கள் அந்தக் கூடுதல் கட்டணத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸும் காரும்

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்தபின் பஸ் பயணத்தின் கணக்கே மாறிப்போனது. கோயம்பேட்டில் ஏறி நகர நெரிசலில் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நேரத்தை, இப்போது கிளாம்பாக்கம் போய்ச் சேருவதில் நாமே செலவழிக்கிறோம். மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அண்ணாநகரிலிருந்து மாலை நேரத்தில் கிளாம்பாக்கம் போக ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர்க்காரர்களுக்கோ இது பெரிய வரம், வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் பஸ். அங்கிருந்து எட்டு மணி நேரம் வாக்கில் மதுரையின் மாட்டுத்தாவணி பஸ் நிலையம். கே.கே. நகர், அண்ணாநகர், ஒத்தக்கடை, மேலூர் என்று மதுரையின் வடக்கு, கிழக்குப் பக்கம் போகிறவர்கள் ஊருக்குள் வராமலே இறங்கிக்கொள்ளலாம்.

பஸ்ஸின் பலம் நேரத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. அறுபது நாள் முன்பே யோசிக்க வேண்டியதில்லை. எட்டு மணிக்கு முடிவெடுத்துப் பத்து மணிக்கு ஏறலாம். ஆனால் தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஆம்னி பஸ் கட்டணம் விமானக் கட்டணத்தைத் துரத்த ஆரம்பித்துவிடும். அந்த நாட்களில் அரசு விடும் சிறப்புப் பஸ்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கார் நான்கு பேருக்குக் கட்டுப்படியாகும். பெட்ரோலுக்கு மூவாயிரத்தைச் சுற்றி ஆகும், அதோடு பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, சமயபுரம், சிட்டம்பட்டி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது (தொடங்கியபோது 3,000 ரூபாய்), 200 முறை தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளைக் கடக்கலாம். ஊருக்கு அடிக்கடி காரில் போகிற குடும்பத்துக்கு இது நல்ல மிச்சம். ஏழரை, எட்டு மணி நேரம் என்று சாப்பாட்டு நிறுத்தத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் முழுத் தூரமும் ஓட்டுவதாக இருந்தால் ராத்திரியில் வேண்டாம். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கண்ணை இழுத்துக்கொண்டு போகும், உளுந்தூர்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே நேராக நீளும் அந்தச் சாலையில் அது உயிரோடு விளையாடுவது.

வயதானவர்களோடு போகும்போது

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போவதென்றால் ‘சீக்கிரம் போய்விடலாம்’ என்று விமானம் எடுப்பது நல்ல எண்ணம்தான். முழங்கால் வலிக்காரர்களுக்கு விமான நிலையத்துக்குள் நடக்கும் தூரம் அதிகம். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட்டால் அந்த நடை மிச்சமாகும், இது விமானப் பயணத்தின் உண்மையான வசதி. ஆனால் ஏடிஆர் விமானத்தில் பின்கதவு வழியே படி ஏற வேண்டும், குறுகலான படி. டிக்கெட் எடுக்கும் திரையிலேயே எந்த ரக விமானம் என்று போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

வந்தே பாரத்தில் பிளாட்பாரத்துக்கும் வாசலுக்கும் நடுவே படி நீண்டு வருவதால் ஏறுவது எளிது. கழிப்பறைக்கு எழுந்து போகலாம், காலை நீட்டிக்கொண்டு சற்று நடக்கலாம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஐந்தரை மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்குப் பாண்டியனில் கீழ் பெர்த். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த்தில் முன்னுரிமை உண்டு. அதற்கென்று இருக்கும் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் பெரியவர்களின் டிக்கெட்டைக் கும்பலோடு கும்பலாகப் போடாமல் தனியாக எடுக்க வேண்டும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்ப வரவில்லை. அதைத் திரும்பத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தடத்தில் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்காகவும் பிள்ளைகளைப் பார்க்கவும் போய்வரும் பெரியவர்களுக்கு அது எவ்வளவு உதவியாக இருந்தது என்பதைப் பக்கத்து இருக்கையில் கேட்டாலே தெரியும்.

மழைக்காலத்தில் எதை நம்புவது

நவம்பர், டிசம்பரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது நடந்தது நல்ல பாடம். நவம்பர் 30 அன்று புயல் கரையை நெருங்கியபோது முதலில் மூடியது சென்னை விமான நிலையம்தான். மறுநாளே அது திறந்துவிட்டது. ரயிலுக்கு அடி விழுந்தது அதற்கப்புறம்: விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழையில், டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ஓடியது. தெற்கே போகும் ரயில்கள் ரத்தாகின, பல சுற்றுவழியில் போயின. அதே பகுதியில் நெடுஞ்சாலையும் தண்ணீரில் மூழ்கியது. விமானம் முதலில் நிற்கும், முதலில் ஓடத் தொடங்கும். ரயிலும் சாலையும் புயல் நாளில் சமாளித்துவிட்டு, ஆறுகள் நிரம்பியபின் நிற்கும். ஆகவே புயல் நாளன்று பயணம் என்றால் விமானத்தை நம்பாதீர்கள். புயல் கடந்து இரண்டு மூன்று நாள் கழித்து என்றால், ரயிலைவிட விமானமே தேவலை. போகிப் பண்டிகைக் காலையில் பனியும் புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தாமதமாவதும் பழகிப்போன விஷயம். அன்று அதிகாலை விமானம் எடுப்பவர்கள் மதியம் வரை எந்தக் காரியத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

துக்கச் செய்தி வந்தால் எதில் போவது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை, முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. பகல் இரண்டு மணிக்குள் செய்தி வந்தால், விமான நிலையத்துக்கு ஓடுவதற்கு முன்னால் திருநெல்வேலி வந்தே பாரத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புறப்படுவதற்குச் சற்று முன்பு வரை காலியிடம் காட்டும் வாய்ப்பு உண்டு. விமானத்தில் அடுத்த புறப்பாடு எப்போது, டிக்கெட் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் செய்தி வந்தால் காலை முதல் விமானத்துக்குக் காத்திருக்காதீர்கள். அது மதுரை ஊருக்குள் கொண்டுபோய் விடும்போது எட்டரை, ஒன்பது மணி ஆகிவிடும். பத்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் காலை ஆறு, ஆறரைக்கு மாட்டுத்தாவணி. வாடகைக் கார் டிரைவரோடு கிடைத்தால் இன்னும் சற்று முன்பே போய்விடலாம். எடுக்கும் நேரத்தைக் காலை பத்து மணி என்று குறித்திருக்கும் வீட்டில், இந்த இரண்டு மணி நேரம் முகம் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரவு மதுரையிலிருந்து சென்னைக்கு வருவதுதான் இந்தத் தடத்தில் மிகக் கஷ்டமான இடம். ரயில் நிரம்பியிருக்கும், பஸ் கட்டணம் ஏறியிருக்கும், திங்கள் காலை தாம்பரத்துக்கு முன்னால் ஜி.எஸ்.டி. சாலை ஊர்ந்து நகரும். போகும் டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். பாண்டியனில் இடம் இல்லையென்றால், ஞாயிறு மதியமே கிளம்பும் தேஜஸில் பாருங்கள், இரவு ஒன்பதரைக்குள் எழும்பூர் வந்துவிடும். அதிலும் இல்லையென்றால்தான் திங்கள் காலை முதல் விமானம். மீனம்பாக்கத்தில் இறங்கி நேரே ஆபீஸ் போகிறவர்களுக்கு, குறிப்பாக கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு, அந்த ஒரு நாள் விமானம் கொடுத்த காசுக்குத் தகும்.